காம் 1 எங்கே போனது?

அரிசி ஆலை ஒன்றின் எடை மேடையிலிருந்து போன் வந்தது. "அண்ணே, பழைய கம்ப்யூட்டர் போயிடுச்சு, புதுசு வாங்கிட்டோம். சாஃப்ட்வேர் ஏத்தியாச்சு. எடை மட்டும் வரமாட்டேங்குது." மூச்சு வாங்கிவிட்டு அடுத்ததையும் சொன்னார்: "அந்த ஒன்பது முள்ளு ஒயரைச் சொருக இதுல இடமே இல்லை. கடையில ஒரு கார்டு போட்டுக் கொடுத்தாங்க. அப்பவும் வரலை."

வாசலில் நெல் லாரிகள் வரிசையில் நிற்கும்போது இப்படிப் போன் வந்தால் அவசரம் நமக்கும் தொற்றிக்கொள்ளும். விசாரித்ததில் கார்டு சரியாகத்தான் உட்கார்ந்திருந்தது. டிரைவர் ஏறியிருந்தது. கேபிள், பழைய கணினியில் பல வருடம் உழைத்த அதே கேபிள். சிக்கல் வேறு இடத்தில். எடைச் சீட்டு மென்பொருள் 'காம் 1' என்ற பெயருள்ள போர்ட்டைத் தேடிக்கொண்டிருந்தது. புதுக் கார்டு தன்னை 'காம் 3' என்று பதிவு செய்துகொண்டிருந்தது. மென்பொருளில் தேர்ந்தெடுக்க இருந்தவையோ காம் 1, காம் 2 ஆகிய இரண்டு மட்டும்.

யுஎஸ்பி பொருள் எதையாவது கணினியில் செருகினால், அது தயாரிப்பாளர் எண், பொருள் எண் எல்லாவற்றையும் தானே ஒப்பித்துவிடும். பிட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும் அந்த ஒன்பது முள் சீரியல் கேபிளில் அந்த அறிமுகம் கிடையாது. மறுமுனையில் எடைக் கருவி இருக்கிறதா, மோடம் இருக்கிறதா, ஒன்றுமே இல்லையா என்று கணினிக்குத் தெரியாது. எந்த வேகத்தில் பேசுகிறது, எத்தனை பிட் அனுப்புகிறது என்பதும் தெரியாது. கார்டை ஸ்லாட்டில் அழுத்துவது ஐந்து நிமிட வேலை. அதற்கப்புறம் போகும் நேரமெல்லாம், கேபிள் சொல்லாததை இரண்டு பக்கத்துக்கும் நாமே சொல்லி வைப்பதில்தான் போகிறது.

இதற்குக் காரணம் அதன் வயது. இந்தக் கேபிள் பின்பற்றும் ஆர்எஸ்-232 என்ற தரம் அமெரிக்காவில் 1960-இல் வெளியானது. பர்சனல் கம்ப்யூட்டர் என்ற சொல்லே புழக்கத்தில் இல்லாத காலம் அது. டெலிடைப் போன்ற இயந்திரங்களை மோடத்துடன் இணைப்பதுதான் நோக்கம். அதன்படி 0 என்றால் நேர் மின்னழுத்தம், 1 என்றால் எதிர் மின்னழுத்தம். அனுப்பும் பக்கம் 5 முதல் 15 வோல்ட் வரை கொடுக்க வேண்டும். பெறும் பக்கம் 3 வோல்ட்டுக்கு மேல் இருந்தாலே புரிந்துகொள்ள வேண்டும். யாரும் எதுவும் அனுப்பாத நேரத்தில் கம்பி எதிர் மின்னழுத்தத்தில் சும்மா கிடக்கும். இந்தக் கடைசி வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் மல்டிமீட்டரை எடுக்கும்போது உதவும்.

இவ்வளவு எளிமையாக இருப்பதால்தான் அது இன்னும் சாகவில்லை. எடை மேடையில் எடையைக் காட்டும் இண்டிகேட்டர், கோவைப் பட்டறைகளின் சிஎன்சி இயந்திரம், ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் அனலைசர், நெட்வொர்க் ஸ்விட்சின் கன்சோல், பழைய யுபிஎஸ் என்று இருபது வருடம் உழைக்கும் இயந்திரங்களில் எல்லாம் அந்த ஒன்பது முள் இருக்கிறது. இயந்திரம் இருபது வருடம் நிற்கும், அதோடு இணைந்த கணினி ஐந்தாறு வருடத்தில் படுத்துவிடும். ஒவ்வொரு முறை கணினி மாறும்போதும் இந்தக் கார்டு விவகாரம் தலைதூக்கும்.

புதுக் கணினியில் போர்ட் இல்லையே என்று வருத்தப்படுகிறவர்களுக்கு ஒரு செய்தி. 1981 ஆகஸ்டில் ஐபிஎம் முதல் பிசியை விற்றபோதும் அதில் சீரியல் போர்ட் கிடையாது. வேண்டுமென்றால் தனிக் கார்டாக வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டும். பின்னால் 25 முள் இணைப்பு, உள்ளே 8250 என்ற சிப். 1984-இல் ஏடி மாடல் வந்தபோதுதான் 9 முள் இணைப்பு வந்தது. அப்புறம் போர்ட் மெல்ல மதர்போர்டுக்கே குடிபெயர்ந்தது, சில காலம் எல்லாக் கணினியிலும் இலவசமாகக் கிடைத்தது. இப்போது மறுபடியும் கார்டுக்கே திரும்பிவிட்டது.

அந்தப் பழைய கார்டுகளைப் பொருத்தியவர்கள்தான் உண்மையில் பாவம். அப்போது இரண்டு எண்களை நாமே முடிவு செய்ய வேண்டும். ஒன்று முகவரி: செயலி அந்தக் கார்டுடன் பேச எந்த வாசலைத் தட்ட வேண்டும் என்பது. இன்னொன்று ஐஆர்க்யூ: கார்டுக்கு ஏதாவது எழுத்து வந்துவிட்டால் செயலியைக் கூப்பிட எந்த மணியை அடிக்க வேண்டும் என்பது. காம் 1-க்கு முகவரி 3எஃப்8, மணி 4. காம் 2-க்கு 2எஃப்8, மணி 3. ஹெக்ஸ் கணக்கில், அதாவது பதினாறின் அடிப்படையில் எழுதப்பட்ட இந்த முகவரிகளை அந்தக் காலத்து மெக்கானிக்குகள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். எண்ணை மாற்ற, கார்டில் இருக்கும் சிறு முட்களின் மேல் பிளாஸ்டிக் தொப்பி போன்ற ஜம்பரைக் கழற்றி வேறு ஜோடி முள்ளில் மாட்ட வேண்டும். ஜம்பர் கைதவறிக் கீழே விழுந்தால் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் பொழுது போய்விடும்.

முதல் பிசியில் மணிகள் மொத்தமே 8. அவற்றில் கடிகாரத்துக்கு ஒன்று, விசைப்பலகைக்கு ஒன்று, ஃபிளாப்பிக்கு ஒன்று, பிரிண்டருக்கு ஒன்று என்று போனது போக மிச்சம் சொற்பம். 1987-இல் வந்த டாஸ் 3.3 என்ற இயங்குதளம், காம் 3, காம் 4 என்று மேலும் இரண்டு பெயர்களை அனுமதித்தது. அவற்றுக்கு 3இ8, 2இ8 என்று புது முகவரிகள் கிடைத்தன, புது மணிகள் கிடைக்கவில்லை. காம் 3-க்கும் மணி 4-தான், காம் 4-க்கும் மணி 3-தான். இரண்டு வீட்டுக்கு ஒரே காலிங் பெல் மாதிரி. ஒரு வீட்டில் ஆளில்லாத வரைக்கும் பிரச்சினை இல்லை.

ஆளிருந்தபோது என்ன நடந்தது என்பதற்கு 90களின் மோடங்களே சாட்சி. 1995 ஆகஸ்ட் 15-இல் விஎஸ்என்எல் இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. கணினிக்குள் பொருத்தும் மோடம் கார்டு வாங்கியவர்கள் தங்களை அறியாமலே ஒரு சீரியல் கார்டையும் பொருத்தினார்கள், ஏனென்றால் அந்த மோடத்துக்குள்ளேயே ஒரு சீரியல் போர்ட் அடக்கம். மவுஸ் காம் 1-இல் இருக்கும். மோடத்தைக் காம் 3-க்கு ஜம்பர் வைத்திருப்பார்கள். டயல் செய்து, கிறீச் கிறீச் என்ற சத்தமெல்லாம் முடிந்து, இணைப்பும் கிடைத்து, மவுஸை ஓர் அங்குலம் நகர்த்தினால் இணைப்பு அறுந்துவிடும், அல்லது கணினியே உறைந்து நிற்கும். இரண்டு பேரும் மணி 4-ஐ அடிக்கிறார்கள். அந்தக் கால ஐஎஸ்ஏ ஸ்லாட்டில் மணி ஒலிக்கத் தொடங்கும் அந்தக் கணத்தை மட்டும்தான் கணினி கவனிக்கும், தொடர்ந்து ஒலிப்பதைக் கவனிக்காது. அதனால் ஒருவர் மணியை அழுத்தியபடி இருக்கையில் இன்னொருவர் அழுத்தியது காதில் விழவே விழாது. தொலைபேசி இலாகாவைத் திட்டித் தீர்த்தவர்களில் எத்தனை பேருக்கு உண்மைக் குற்றவாளி மேசை மேலிருந்த மவுஸ் என்று தெரிந்திருக்கும்?

இன்னொரு புறம், ஒரே 386 கணினியில் 8 அல்லது 16 போர்ட் கொண்ட கார்டைப் பொருத்தி, ஜீனிக்ஸ் அல்லது யுனிக்ஸ் ஓட்டி, ஒவ்வொரு போர்ட்டிலும் ஒரு டம்ப் டெர்மினலை (திரையும் விசைப்பலகையும் மட்டும் உள்ள முனையம்) மாட்டி, அலுவலகம் முழுவதையும் அந்த ஒற்றைக் கணினியில் ஓட்டிய காலமும் உண்டு. கார்டின் முதுகில் அத்தனை இணைப்புகளுக்கு இடமிருக்காது. அதனால் ஒரு பெரிய இணைப்பிலிருந்து எட்டுக் கேபிள்கள் பிரிந்து தொங்கும். ஆக்டோபஸ் கேபிள் என்றுதான் பெயர். அவற்றில் சில கார்டுகளுக்கு உள்ளேயே தனியாக ஒரு செயலி இருந்தது. பதினாறு பேர் தட்டும் ஒவ்வோர் எழுத்துக்கும் முதன்மைச் செயலியை எழுப்பிக்கொண்டிருந்தால் அது வேறு வேலையே பார்க்க முடியாது.

இந்த எழுப்பும் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்க்கலாம். 9600 வேகத்தில் ஒவ்வோர் எழுத்தும் தொடக்க பிட், 8 தரவு பிட், முடிவு பிட் என 10 பிட்டாகப் போகிறது. அதாவது வினாடிக்கு 960 எழுத்து, ஒவ்வொன்றுக்கும் 1 மில்லி வினாடிக்குச் சற்று அதிகம். பழைய 8250 சிப்பில் வந்த எழுத்தை வைத்துக்கொள்ள ஒரே ஓர் இடம்தான். அடுத்தது வருவதற்குள் செயலி வந்து எடுத்துப் போகாவிட்டால் பழையது அழிந்தது. 115200 வேகத்தில் அந்த அவகாசம் 87 மைக்ரோ வினாடியாகச் சுருங்கிவிடும். 16550ஏ என்ற சிப் 16 எழுத்துகளை வரிசையில் நிறுத்தி வைத்துக்கொள்ளும் இடத்தோடு வந்ததும்தான் மூச்சுவிட முடிந்தது. இன்று விற்கும் கார்டுகளில் 128, 256 எழுத்து வரை இடம் இருப்பவை உண்டு. விண்டோஸில் போர்ட்டின் 'அட்வான்ஸ்ட்' பக்கத்தைத் திறந்தால் 'ஃபிஃபோ' என்று ஒரு நகர்த்துக்குச்சி இருக்கிறதே, அது இந்த வரிசையைத்தான் குறிக்கிறது. எத்தனை எழுத்து சேர்ந்ததும் மணி அடிக்க வேண்டும் என்பதை அங்கே முடிவு செய்கிறோம். எழுத்துகள் தொலைந்துபோகின்றன என்றால் பெறும் பக்கக் குச்சியைக் கீழே இறக்கிப் பார்க்கலாம். மணி சீக்கிரமே அடிக்கும். மற்றபடி தொடத் தேவையில்லை.

பிசிஐ ஸ்லாட் வந்தபோது ஜம்பர்கள் காணாமல் போயின. முகவரியையும் மணியையும் கணினியே ஒதுக்கிக் கொடுத்தது, மணியைப் பலர் பகிர்ந்துகொள்ளவும் முடிந்தது. பெரிய நிம்மதிதான். ஆனால் சண்டை ஒழியவில்லை, இடம் மாறியது. முன்பு காம் 1 என்றால் 3எஃப்8 என்ற நிலையான முகவரி. இப்போது காம் 1 என்பது விண்டோஸ் ஒட்டும் ஒரு பெயர்ச்சீட்டு மட்டும், அதன் பின்னால் முகவரி எதுவாகவும் இருக்கலாம். நேரடியாக 3எஃப்8-ஐத் தட்டும் பழைய டாஸ் நிரலுக்கு, பிசிஐ கார்டு பக்கத்திலேயே இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. முறையாக விண்டோஸ் வழியாகப் பேசும் மென்பொருளுக்கு முகவரியைப் பற்றிக் கவலையில்லை, பெயர் மட்டும் சரியாக இருந்தால் போதும். நம் எடை மேடையில் இல்லாமல் போனது அந்தப் பெயர்தான்.

சரி, இன்று ஒருவர் கார்டு வாங்கக் கிளம்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். சென்னை ரிச்சி தெருவுக்கு வண்டி எடுப்பதற்கு முன் கணினியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி மதர்போர்டின் ஓரத்தை டார்ச் அடித்துப் பார்ப்பது நல்லது. மேசைக் கணினிகளின் பல மதர்போர்டுகளில் ஐந்து ஐந்தாக இரண்டு வரிசை முட்கள், ஒரு மூலையில் ஒரு முள் இல்லாமல், பக்கத்தில் 'காம்' என்று அச்சிட்டு இருக்கும். அது சீரியல் போர்ட்டேதான். வெளியே கொண்டுவர இணைப்பு மட்டும் கொடுக்காமல் விட்டிருக்கிறார்கள். ரிப்பன் கேபிளுடன் கூடிய ஒரு தகடு வாங்கி மாட்டினால் போதும், கார்டே தேவையில்லை. கூடுதல் லாபம், அது உண்மையான 3எஃப்8, உண்மையான காம் 1. ஒரே ஓர் எச்சரிக்கை: இந்த ரிப்பன் கேபிள்களில் இரண்டு விதமான இணைப்பு வரிசை இருக்கிறது, பார்வைக்கு இரண்டும் அச்சு அசல் ஒன்றே. தவறான வகையை மாட்டினால் எதுவும் கருகாது, எதுவும் வராது. மதர்போர்டு கையேட்டில் உள்ள முள் வரிசையோடு மல்டிமீட்டரை வைத்து ஒப்பிட்டுக்கொள்வதே வழி.

அந்த முட்கள் இல்லையென்றாலோ, ஒன்றுக்கு மேற்பட்ட போர்ட் வேண்டுமென்றாலோ கார்டுதான். வாங்கும்போது பார்க்க வேண்டியது மூன்று. முதலில் ஸ்லாட். இப்போதைய கணினிகளில் இருப்பது பிசிஐ எக்ஸ்பிரஸ். பழைய பிசிஐ கார்டு அதில் நுழையாது. சிறிய எக்ஸ்1 கார்டு, கிராபிக்ஸ் கார்டுக்கான நீள ஸ்லாட்டிலும் வேலை செய்யும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. இரண்டாவது, தகட்டின் உயரம். ஒல்லியான கேபினட் என்றால் குட்டைத் தகடு வேண்டும். பெட்டிக்குள் இரண்டு தகடும் இருக்கிறதா என்று கடையிலேயே பிரித்துப் பார்த்துவிடுங்கள். மூன்றாவது, பிரிண்டர். எடை மேடைகளில் இன்னும் கரகரவென்று அச்சடிக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர், அதுவும் 25 துளை பேரலல் போர்ட் வகை இருந்தால், இரண்டு சீரியலும் ஒரு பேரலலும் சேர்ந்த கார்டாகவே வாங்கிவிடுவது புத்திசாலித்தனம்.

கார்டின் மேலுள்ள முக்கிய சிப்பின் பெயரைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அட்டைப்பெட்டியில் எந்தப் பெயர் இருந்தாலும் டிரைவர் தேட வேண்டியது அந்தச் சிப்பின் எண்ணை வைத்துத்தான். நீண்ட காலம் இந்தக் கார்டுகளில் பரவலாக இருந்த மாஸ்சிப் நிறுவனம் ஹைதராபாத்தைச் சேர்ந்தது. சீனாவின் டபிள்யூசிஎச் சிப்புகள் இப்போது மலிவுக் கார்டுகளில் நிறைய.

பொருத்துவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஸ்விட்சை அணைப்பது போதாது, மின் கேபிளையே உருவ வேண்டும், ஏனென்றால் அணைத்த கணினியிலும் 5 வோல்ட் காத்திருக்கும். உருவிய பிறகு பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடித்துவிட்டு, கேபினட்டின் வெறும் உலோகத்தைத் தொட்டுவிட்டு, கார்டை விளிம்பில் பிடித்து நேராக அழுத்தி, ஸ்க்ரூவை முடுக்க வேண்டும். ஸ்க்ரூ இல்லாமல் விட்டால் பின்னால் கனமான கேபிளை இழுக்கும்போது கார்டு சாய்ந்து தொடர்பு விட்டுப்போகும். சில கார்டுகளில் 9-ஆம் முள்ளுக்கு மின்சாரம் கொடுக்க ஜம்பர் இருக்கும், பார்கோடு ஸ்கேனர் போன்றவற்றுக்காக. உங்களுக்குத் தேவையில்லையென்றால் அது வழக்கமான இடத்தில்தான் இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். 12 வோல்ட்டில் வைத்துவிட்டு வேறு கருவியை மாட்டினால் சேதம் வரலாம்.

எக்ஸ்பிரஸ் கார்டுகளில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பழைய பிசிஐ ஸ்லாட்டில் +12, −12 வோல்ட் இரண்டும் கிடைத்தன, கார்டும் கம்பியில் அதற்கு நெருக்கமாகவே கொடுத்தது. எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில் −12 கிடையாது. அதனால் கார்டிலேயே ஒரு குட்டிச் சுற்று எதிர் மின்னழுத்தத்தைத் தயாரிக்கிறது, வெளியே வருவது பெரும்பாலும் 5, 6 வோல்ட்தான். தரம் கேட்பது அவ்வளவே, ஆகவே குற்றம் சொல்ல முடியாது. ஆனால் தனக்கென்று மின்சாரம் இல்லாமல் சிக்னல் கம்பிகளிலிருந்தே உறிஞ்சிக்கொள்ளும் சில பழைய கன்வெர்ட்டர்கள், பழைய கணினியில் ஓடிவிட்டுப் புதியதில் மூச்சுவிடாமல் கிடக்கும். அப்போது கார்டு பழுது என்று கடையில் போய்ச் சண்டை போடக் கூடாது.

இனி பெயர் விவகாரம். கார்டு ஏறியதும் டிவைஸ் மேனேஜரில் 'போர்ட்ஸ்' என்ற தலைப்பின் கீழ் புதிய எண்கள் தெரிய வேண்டும். பல கார்டுகள் முதலில் பொதுவான ஒரு கருவியாகத் தோன்றி, அதற்கு டிரைவர் போட்ட பிறகுதான் அதனுள் இருக்கும் போர்ட்டுகளைக் காட்டும், அவற்றுக்கு இன்னொரு முறை டிரைவர் கேட்கும். பாதியில் வேலை முடிந்தது என்று நினைத்து மூடிவிடுகிறவர்கள் உண்டு. மஞ்சள் முக்கோணத்தோடு 'கோட் 28' என்றால் டிரைவர் இல்லை. 'கோட் 10' என்றால் கருவி தொடங்க மறுக்கிறது, பெரும்பாலும் டிரைவர் பொருந்தவில்லை.

எண்ணை மாற்ற, போர்ட்டின் பண்புகளில் 'அட்வான்ஸ்ட்' பக்கத்தின் கீழே பட்டியல் இருக்கிறது. அங்கே காம் 1-க்குப் பக்கத்தில் 'இன் யூஸ்' என்று போட்டிருந்தால் பதற வேண்டாம், அதை யார் வைத்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். எப்போதோ செருகி எடுத்த, யுஎஸ்பியைச் சீரியலாக்கும் கன்வெர்ட்டரின் பெயரில் பட்டா அப்படியே இருக்கும். 'ஷோ ஹிடன் டிவைசஸ்' போட்டால் ஆவி போல மங்கலாகத் தெரியும், அழித்துவிடலாம். நம் அரிசி ஆலையில் ஆவி வேறு ரூபத்தில் இருந்தது. மதர்போர்டுக்குள்ளேயே ஒரு சீரியல் போர்ட், வெளியே இணைப்பே இல்லாமல், காம் 1 என்ற பெயரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கணினி தொடங்கும்போது திறக்கும் பயாஸ் அமைப்பில் சூப்பர் ஐஓ பகுதிக்குப் போய் அதை முடக்கச் சொன்னேன். அப்புறம் கார்டின் முதல் போர்ட்டைக் காம் 1 ஆக்கினோம். தகடு ஒன்று வாங்கியிருந்தால் கார்டே தேவைப்பட்டிருக்காது என்பதைத் தம்பியிடம் சொல்லவில்லை.

லினக்ஸில் இந்தப் பெயர்ச் சண்டை குறைவு. பிரபலமான சிப் என்றால் கர்னலே அடையாளம் கண்டு டிடிஒய்எஸ்4, டிடிஒய்எஸ்5 என்று வரிசை தந்துவிடும். பயனரை டயல்அவுட் குழுவில் சேர்க்க மறந்து அனுமதி மறுப்பில் மாட்டிக்கொள்வதே அங்கே வழக்கம்.

எடைக் கருவியை மாட்டுவதற்கு முன் கார்டு தானே பேசிக் கேட்கிறதா என்று பார்த்துவிடுவது நேரத்தை மிச்சப்படுத்தும். 2-ஆம் முள் பெறுவது, 3-ஆம் முள் அனுப்புவது, 5 பொது. ஒரு சிறு கம்பியால் 2-ஐயும் 3-ஐயும் இணைத்து, புட்டி போன்ற டெர்மினல் மென்பொருளில் ஹேண்ட்ஷேக் ('அனுப்பு', 'நிறுத்து' என்ற சைகை) எதுவும் இல்லாமல் அந்தப் போர்ட்டைத் திறந்து ஏதாவது தட்டுங்கள். தட்டியது திரையில் வந்தால் கார்டு, டிரைவர், பெயர் மூன்றும் சரி. கம்பியை எடுத்ததும் எழுத்து நிற்க வேண்டும். நிற்காவிட்டால் மென்பொருளே எதிரொலி காட்டி ஏமாற்றுகிறது.

கேபிள் நேரா (2-க்கு 2, 3-க்கு 3) குறுக்கா (2-க்கு 3, 3-க்கு 2) என்ற குழப்பத்துக்கு மல்டிமீட்டர் போதும். கருவி ஓடும்போது அதன் பக்கத்து 5-ஆம் முள்ளில் கறுப்பு முனையை வைத்து, 2-ஐயும் 3-ஐயும் தொட்டுப் பாருங்கள். சும்மா இருக்கும் கம்பி எதிர் மின்னழுத்தத்தில் இருக்கும் என்றோமே, எந்த முள்ளில் −5-க்குக் கீழே காட்டுகிறதோ அதில்தான் கருவி அனுப்புகிறது. அது கார்டின் 2-ஆம் முள்ளுக்கு வந்து சேர வேண்டும். அவ்வளவே. முழு ஹேண்ட்ஷேக் எதிர்பார்க்கும் கருவிகளுக்கு 7, 8, 4, 6 எண் கம்பிகளும் தேவை. பேசாமல் அனுப்பிக்கொண்டே இருக்கும் எடைக் கருவிகளுக்குப் பெரும்பாலும் 2, 3, 5 மூன்றே போதும்.

கேபிளை மாட்டும்போது இரண்டு பக்கமும் அணைந்திருக்கட்டும். எர்த் இல்லாத ப்ளக் பாயிண்ட்டில் ஓடும் கணினியின் கேபினட்டைத் தொட்டால் விரலில் சுருக்கென்று குத்துமே, அந்த மின்சாரம் கேபிள் வழியாக எடைக் கருவிக்குப் போகப் பார்க்கும். மழைக்காலத்தில் இன்னும் மோசம். மேடைக்குக் கீழே மண்ணில் கிடக்கும், எடையை உணரும் லோட் செல்களின் கேபிள்களுக்குள் இடி மின்னலின் பாதிப்பு புகுந்து, இண்டிகேட்டர் வழியாகச் சீரியல் கேபிளில் ஏறி, கணினி வரை வரும். இந்த ஒரு விஷயத்தில் தனிக் கார்டு மேல். போனால் பெரும்பாலும் கார்டோடு போகும், மதர்போர்டு பிழைக்க வாய்ப்பிருக்கிறது. இடையில் மின் தொடர்பைத் துண்டித்துச் சிக்னலை மட்டும் கடத்தும் ஐசொலேட்டர் ஒன்று போட்டால் கார்டும் பிழைக்கும்.

இவ்வளவு பாடு படுவதற்கு ஒரு யுஎஸ்பி கன்வெர்ட்டர் போதாதா? எடை மேடைக்குப் பெரும்பாலும் போதும். ஆனால் தனி வரிசை எண் இல்லாத கன்வெர்ட்டரை வேறு யுஎஸ்பி துளையில் செருகினால் விண்டோஸ் அதைப் புதிய ஆளாக எண்ணி வேறு காம் எண் கொடுத்துவிடும். மேசை துடைக்கும்போது யாராவது உருவி மாற்றிச் செருகினால் மறுபடியும் எனக்குப் போன் வரும். சிஎன்சி இயந்திரத்துக்கு நிரலைச் சொட்டுச் சொட்டாக ஊட்டும் வேலையில் கோளாறு இன்னும் நுட்பமானது. இயந்திரம் 'நிறுத்து' என்று சைகை காட்டியதும் உடனே நிறுத்த வேண்டும். யுஎஸ்பியில் அந்தச் சைகை பல மில்லி வினாடி தாமதித்துக் கணினிக்குப் போய்ச் சேரலாம், அதற்குள் இயந்திரத்தின் கொள்ளளவு நிரம்பி வழியும். அங்கே நான் கார்டுதான் போடச் சொல்வேன்.

அரிசி ஆலைக்கு வருவோம். காம் 1 கிடைத்ததும் எடை வந்தது, ஆனால் கோணல் மாணலாக. சில இலக்கங்கள் ஒழுங்காக, சில இலக்கங்களின் இடத்தில் புரியாத குறிகள். வேகம் தவறாக இருந்தால் எல்லாமே குப்பையாக வரும், இப்படிப் பாதி வராது. எந்தெந்த இலக்கம் சரியாக வருகிறது என்று கேட்டேன். லாரியை ஏற்றி இறக்கிப் பார்த்துத் தம்பி படித்தார்: பூச்சியம், மூன்று, ஐந்து, ஆறு, ஒன்பது. மற்றவை எல்லாம் குறிகள்.

அந்த ஐந்து இலக்கங்களின் ஆஸ்கி குறியீட்டில்தான் (எழுத்துகளைப் பிட்டுகளாக எழுதும் முறை) 1 என்ற பிட்டுகளின் எண்ணிக்கை இரட்டைப்படை. கருவி 7 தரவு பிட்டும் இரட்டைப் பாரிட்டியும் (1-களின் எண்ணிக்கையை இரட்டைப்படையாக்கச் சேர்க்கும் சரிபார்ப்பு பிட்) அனுப்புகிறது, மென்பொருள் 8 பிட், பாரிட்டி இல்லை என்று வாங்குகிறது. இரண்டுக்கும் மொத்த நீளம் ஒன்றே என்பதால் பிழை எதுவும் காட்டாது. ஆனால் 1, 2, 4, 7, 8 ஆகிய ஒற்றைப்படைக்காரர்களுக்குக் கருவி சேர்த்த பாரிட்டி பிட், எட்டாவது தரவு பிட்டாக ஒட்டிக்கொண்டு எழுத்தையே மாற்றிவிடும். பழைய கணினியின் மென்பொருளில் யாரோ இதைச் சரியாக வைத்திருக்கிறார்கள். எங்கும் எழுதி வைக்கவில்லை, கணினியோடு சேர்ந்து அதுவும் போயிற்று. தம்பி இதை முதலில் டிவைஸ் மேனேஜரில் மாற்றிவிட்டு ஒன்றும் ஆகவில்லை என்றார். அங்கே மாற்றி என்ன பயன், மென்பொருள் போர்ட்டைத் திறக்கும்போது தன்னுடைய அமைப்பைத்தானே திணிக்கும். மென்பொருளுக்குள் போய் மாற்றியதும் எடை சுத்தமாக வந்தது.

போனை வைப்பதற்கு முன் ஒரு மார்க்கரை எடுத்து வரச் சொன்னேன். கேபினட்டின் பக்கவாட்டில் அவர் எழுதியதைப் படமெடுத்து அனுப்பினார்: "காம் 1. 2400. ஏழு பிட். ஈவன். ஸ்டாப் ஒன்று. பயாஸில் சீரியல் ஆஃப்." கீழே தேதி. அதற்கும் கீழே, நான் சொல்லாமலே, அடுத்த முறை கூப்பிட என் நம்பர்.